சோற்று மூட்டையும் துப்பாக்கியும்

சென்ற கோடையில், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவனோடு திருமயம் கோட்டைக்குச் சென்றிருந்தேன். இராணுவத்தில் சேர வேண்டும் என்ற ஒரே நினைவோடு நாள்தோறும் விடியுமுன் எழுந்து நெடுஞ்சாலையில் ஓடிப் பழகும் பிள்ளை அவன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் அப்படி ஓடும் பிள்ளைகளை அதிகாலையில் எவரும் காணலாம். 1687இல் இராமநாதபுரம் சேதுபதி எழுப்பிய அந்தக் கோட்டையின் உச்சிக்கு ஏறியதும், அங்கிருந்த பழைய பீரங்கியின் அருகில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். பின்பு அதன் வாயைத் தடவிப் பார்த்து, "சாமி, இது எவ்வளவு தூரம் சுடும்?" என்று கேட்டான்.

நான் அதற்கு விடை சொல்லவில்லை. "இந்தப் பாறையின்மேல் நூறு பேர் ஒரு மாதம் தங்கிப் போரிட வேண்டுமானால் முதலில் என்ன வேண்டும், தம்பி?" என்று திருப்பிக் கேட்டேன். "குண்டும் மருந்தும்" என்றான் சற்றும் தயங்காமல். சற்றுத் தள்ளிப் பாறையில் தேங்கிக் கிடந்த சுனையை அவனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவன், "எங்க தாத்தாவும் இதைத்தான் சொல்லுவாரு" என்றான்.

அவனுடைய தாத்தாவை நான் நன்கு அறிவேன். 1971ஆம் ஆண்டுப் போரில் பணியாற்றியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நான்தான் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினேன். அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் பதக்கங்கள் தொங்கவில்லை; ஆணியொன்றில் நசுங்கிய தண்ணீர்ப் புட்டி ஒன்றுதான் தொங்கியது. அதைப் பற்றி நான் கேட்டபோது அவர் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது: "எண்ணிப் பார்த்தா சாமி, சண்டையில துப்பாக்கியச் சுட்டது பத்துப் பன்னெண்டு நாளுதான். இந்தப் புட்டிய மட்டும் பதினஞ்சு வருசமா இடுப்ப விட்டு எறக்குனதில்ல."

அன்று மலையிலிருந்து இறங்கி வரும்போது அந்தப் பிள்ளைக்குச் சொன்ன செய்திகளையே, இன்னும் கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன். போர் வரலாறு என்றதும் பீரங்கியையும் வாளையும் தேடுகிறோம். ஆனால் போரை உண்மையில் தாங்கியது எது? அதைச் சுமந்தவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் வடபகுதி ஊர்களே விடை சொல்லும்.

நம் வாசல் வழியே சென்ற போர்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகப் பெரும் போட்டி எழுந்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். எதிர்த் தரப்பில் சந்தா சாகிபு நின்றார். முகமது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனியும், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கம்பெனியும் துணை நின்றன. வணிகம் செய்ய வந்த இரு கூட்டங்கள் நம் மண்ணின் அரசுரிமைச் சண்டையைத் தம் சண்டையாக்கிக்கொண்டன.

1751இலிருந்து 1754 வரை இடையிடையே சிறு ஓய்வு விட்டுத் திருச்சிராப்பள்ளி முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்ட பின்னும் போர் ஓயவில்லை. உதவிக்கு வந்த மைசூர்த் தளபதி நஞ்சராசர், திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படாததால் பகைவரானார். பிரெஞ்சுக்காரரோடும் மராட்டியத் தலைவர் முராரி ராவோடும் சேர்ந்துகொண்டார். இன்று இரயில்வே பணிமனையால் பெயர்பெற்ற பொன்மலை, 1753 ஜூன் 26இல் கடும் போர் நடந்த களம் என்பதை அவ்வழியே இரயிலில் செல்லும் நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் அந்நாளில் பரந்து கிடந்தது தொண்டைமான் காடு. விஜய ரகுநாதராய தொண்டைமான் (1730-1769) ஆட்சிக்குட்பட்ட அந்நிலப்பரப்பில்தான் இன்றைய கிள்ளுக்கோட்டை, கிள்ளனூர், குளத்தூர், ஆவூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. ஆவூர் நம் மக்களுக்குப் புதிய பெயரன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அருள்தந்தை புஷே அங்கே கோயில் எழுப்பினார். இன்றுள்ள பெரியநாயகி மாதா கோயிலின் தொடக்கம் 1747ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகவே அக்கோயில் எழுந்து சில ஆண்டுகளுக்குள் இந்தப் போரின் புழுதி அதைச் சுற்றிய நாட்டில் படியத் தொடங்கிவிட்டது.

வீரன் கையில் இருந்தது

அந்நாளைய போர்வீரனின் கையில் என்ன இருந்தது என்று முதலில் பார்ப்போம். நம் பாளையக்காரர்களின் வீரர்கள் பெரும்பாலும் நீண்ட ஈட்டியும் வாளும் வளரியும் ஏந்தினர். சிலரிடம் திரித்துப்பாக்கி இருந்தது. எரியும் திரியை மருந்தில் வைத்துச் சுடும் அத்துப்பாக்கிக்குக் கையில் எப்போதும் நெருப்பு வேண்டும். மழை பெய்தால் திரி அணையும். இரவில் திரியின் கங்கே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கம்பெனிச் சிப்பாய்க்குக் கிடைத்தது சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை. குழலின் உட்புறம் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். 30 கிராம் அளவுள்ள ஈயக் குண்டையும் மருந்தையும் காகிதத்தில் சுற்றித் தோட்டாவாகக் கட்டியிருப்பர். வீரன் அக்காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, பின்பே சுட வேண்டும். நன்கு பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு மீட்டருக்கு அப்பால் குறி தப்பும். ஆதலால்தான் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள். துப்பாக்கியின் முனையில் செருகும் கத்திக்குப் பழைய தமிழில் 'துப்பாக்கிச் சனியன்' என்று பெயர். அதைக் கண்ட மக்களின் அச்சம் முழுவதும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். தோட்டாவைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உப்பு வீரனின் நாவில் ஒட்டும். இருபது முப்பது முறை கடித்தபின், சித்திரை வெயிலில், அவனுக்கு என்ன வேண்டியிருக்கும்? தண்ணீர். பகைவனை வீழ்த்தும் கருவியே அவனைத் தாகத்தால் வாட்டியது. தோல்துருத்தியில் தண்ணீர் சுமந்து வரிசைகளுக்கிடையே ஓடிய ஏழைத் தொழிலாளி இல்லாவிடில் துப்பாக்கி வரிசை ஒரு மணி நேரம் நிற்காது. அவன் கையில் ஆயுதம் இல்லை. குண்டு மட்டும் அவனையும் விட்டு விலகிச் செல்லவில்லை.

ஐம்பது மாடுகள்

இனி ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீரர், வேலையாட்கள், மாட்டுக்காரர், சலவைத் தொழிலாளர், டோலி சுமப்போர், அவர்தம் குடும்பத்தார் என ஐயாயிரம் பேர் கொண்ட ஒரு பாசறையை எண்ணிக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 800 கிராம் அரிசி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 4,000 கிலோ வேண்டும். ஒரு பொதிமாடு 80 கிலோ சுமக்கும் என்றால், அரிசிக்கு மட்டும் நாள்தோறும் 50 பொதிகள் வந்து சேர வேண்டும்; மாதத்துக்கு 1,500 பொதிகள். உப்பு, புளி, நெய், விறகு எதுவும் இக்கணக்கில் சேரவில்லை. சுமக்கும் மாட்டுக்கும் புல் வேண்டுமே! கோட்டை மதிலைத் தகர்க்கும் பெரிய பீரங்கி ஒன்றை இழுக்க ஏறத்தாழ நாற்பது மாடுகள் தேவைப்பட்டன. ஆகவே பீரங்கி பேசுவதற்கு முன் மாடு நடக்க வேண்டும். மாடு நடப்பதற்கு முன் உழவனின் வைக்கோற்போர் காலியாக வேண்டும்.

இந்த உண்மையைத் திருச்சிராப்பள்ளி கசப்போடு கற்றது. 1753ஆம் ஆண்டின் முற்பகுதியில் கோட்டைக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி டால்டன், களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று விசாரித்தார். ஏராளமாய் இருக்கிறது என்றே அதுவரை அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. திறந்து பார்த்தால், சில வாரங்களுக்கே போதுமான அளவு! பொறுப்பிலிருந்த நவாபின் உறவினர் தானியத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டிருந்தார். மதில்களில் பீரங்கிகள் இருந்தன, மருந்தும் குண்டும் இருந்தன, சோறு இல்லை. செய்தி கேட்டுத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்சு கடற்கரைப் பகுதியிலிருந்து தம் படையை நடத்திக்கொண்டு விரைந்து வந்தார். அந்நாளைய ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மி இந்நிகழ்ச்சிகளை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நகர மக்களில் பெரும்பாலோர் உணவின்றி வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர் என்பதும் அவர் தரும் செய்திதான்.

கிள்ளுக்கோட்டை வழி

அதன்பின் போரின் மையம் கோட்டை மதிலிலிருந்து பாதைக்கு மாறியது. அரிசி வரும் பாதையை யார் காப்பது, யார் மறிப்பது என்பதே போராயிற்று. தஞ்சை வணிகரின் தானியமும் தொண்டைமான் நாட்டு அரிசியும் கால்நடையும் காட்டோரத்தில் இருந்த கிள்ளுக்கோட்டை போன்ற சிறு கோட்டைகளில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து இரவோடு இரவாகப் பொதிமாடுகள் புறப்படும். முன்னும் பின்னும் சிப்பாய்கள் நடப்பர். காட்டைக் கடக்கும்வரை ஓரளவு அச்சமில்லை. மரங்களுக்கு இடையில் குதிரைப்படை பாய முடியாது. காடு முடிந்து வெளி தொடங்கும் இடத்தில்தான் எமன் காத்திருப்பான்.

1754 பிப்ரவரி 15ஆம் நாள் அப்படித்தான் விடிந்தது. உணவும் தளவாடமும் ஏற்றிவந்த பெரிய பொதி அணி ஒன்றைப் பிரெஞ்சு, மைசூர், மராட்டியப் படைகள் திருச்சிராப்பள்ளிக்குச் சில மைல் தொலைவில் வளைத்துக்கொண்டன. மாடுகளும் வண்டிகளும் நீண்டு கிடக்க, காவலர் சிறுசிறு கூட்டமாகச் சிதறி நின்றதால் ஒன்றுசேர முடியவில்லை. ஆங்கிலேயரின் சிறந்த வீரர்கள் எனப் பெயரெடுத்த கிரனேடியர் அணி அன்று ஒரேயடியாக அழிந்தது, கொல்லப்படாதவர் கைதாயினர். கொல்லப்பட்ட ஐரோப்பியரையும் கைதான ஐரோப்பியரையும் நூல்கள் எண்ணிச் சொல்லுகின்றன. கயிற்றைப் பிடித்தபடி மாட்டின் அருகே நின்ற மாட்டுக்காரருக்கு அந்த எண்ணிக்கையில் இடமில்லை.

அதற்குப் பின் முற்றுகைப் பாசறை பெரிதும் தொண்டைமான் நாட்டையே நம்பி உயிர் வாழ்ந்தது. பொதிகளை அழைத்துவரும் பணியில் பெயர்பெற்றவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நம் மக்கள் அறிந்த அவரே. எந்தப் பாதையில் எந்த நேரத்தில் மாடு நடத்துவது என்பதை அறிந்த அந்த அறிவே அவரை உயர்த்தியது. பத்தாண்டு கழித்து, 1764 அக்டோபரில், எவருக்காக அரிசி சுமக்கும் வழி காத்தாரோ அவர்களே மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1754 மே மாதத்தில் வந்த ஒரு பொதி அணியைத் தடுக்க முயன்று தோற்ற பிரெஞ்சுப் படை, உணவு வரும் ஊற்றையே அடைக்க முடிவு செய்தது. தளபதி மேசேன் தம் படையோடு தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்தார். செய்தி முன்பே எட்டியிருந்தது. நம் ஊர் மக்கள் சட்டி பானைகளையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, அடர்ந்த காட்டுக்குள் மறைந்தார்கள். படை வந்து பார்த்தபோது கிடைத்தவை வெறும் மண் வீடுகளே. அவற்றுக்குத் தீ வைத்துவிட்டு நகர்ந்தது. பின்னர் அதே படை கோவிலடிக்குச் சென்று ஆற்றின் பெருங்கரையை உடைத்துத் தஞ்சை உழவர்களின் பாசனத்தைப் பாழாக்கியது. அக்டோபரில் இரு கம்பெனிகளும் போர் நிறுத்தம் செய்துகொண்டன. எரிந்த கூரைகளை மீண்டும் வேய்ந்தவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

சோறு கொடுத்தவன் பொறுப்பு

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொண்டைமான் அரிசி கொடுத்தது சரியா? கம்பெனியின் நன்றியை அது ஈட்டித் தந்தது. 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் புதுக்கோட்டைக்கு வழங்கப்பட்டன. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை இந்தச் சிறிய அரசு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. மறுபுறம், அந்த நட்பின் தொடர்ச்சியாகவே 1799இல் கட்டபொம்மன் இம்மண்ணில் பிடிபட்டுக் கயத்தாற்றுக்கு அனுப்பப்பட்டார். இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைப்பதே நேர்மை. 1754இல் நவாபையும் மைசூரையும் இரு கம்பெனிகளையும் சுற்றிலும் கண்ட ஒரு சிறிய நாட்டின் தலைவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போவதை அறிந்திருக்க முடியாது. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவு. அரிசி மூட்டை கட்டியவன் போருக்கு வெளியே நிற்கவில்லை. துப்பாக்கியைத் தொடாத கையும் போரில் பங்கு கொள்கிறது. அதன் தீயில் வேகவும் செய்கிறது.

வளரியின் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பிறை போல் வளைந்து, ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும், கடின மரத்தாலோ இரும்பாலோ செய்யப்படும் அந்த எறிகருவி புதுக்கோட்டை அரண்மனை ஆயுதச் சாலையிலும் இருந்தது. முயல் வேட்டைக்கும் உதவும். ஓடும் பகைவனின் காலை முறிக்கவும் உதவும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அது 1795ஆம் ஆண்டளவில். 1801இல் அதே வெல்ஷ், அதே மருதுவை வேட்டையாடிய படையில் இருந்தார். தொடை முறிந்து, விலங்கிடப்பட்டுக் கிடந்த தம் ஆசானைக் கண்டதையும் அவரே மனம் வருந்திப் பதிவு செய்கிறார். அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. வளரி வீசும் கலையும் மெல்ல மறைந்தது. வேட்டைத் தோழமையில் ஒருவருக்கொருவர் அருகே நின்ற இருவரை ஆணை ஒன்று எதிரெதிரே நிறுத்திவிட்டது. படைவீரனின் வாழ்வில் இதைவிடப் பெரிய சோதனை உண்டோ?

சிலுவையடியில் ஒரு பாத்திரம்

போர்வீரனை வெறுக்க நற்செய்தி நமக்குக் கற்பிக்கவில்லை. யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்களும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். யோவான் அவர்களை மிரட்டிப் பறிக்க வேண்டாம் என்றார். கிடைக்கும் கூலியோடு மனநிறைவு கொள்ளச் சொன்னார். படைவீரனின் அன்றாட வாழ்வை அறிந்த ஒருவரின் அறிவுரை அது. கூலி வராத படை எங்கே கைவைக்கும்? உழவனின் களத்தில்தான்.

உரோமைப் படைவீரன் ஆயுதத்தோடு தன் சமையல் பாத்திரத்தையும் உணவையும் கோலில் கட்டித் தோளில் சுமந்து நடந்தான். சுமை தாளாமல் அவர்கள் தங்களையே கோவேறு கழுதைகள் என்று கேலி செய்துகொண்டதும் உண்டு. அவர்களுடைய அன்றாடப் பானம் புளித்த திராட்சை இரசத்தில் தண்ணீர் கலந்தது. செல்வர் அருந்துவதன்று, ஏழைச் சிப்பாயின் தாகம் தணிப்பது. கல்வாரியில் சிலுவையடியில் ஒரு பாத்திரம் நிறைய இருந்ததாக யோவான் நற்செய்தி குறிப்பிடுவது இந்தப் பானமே என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. தாகமாயிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னபோது உதட்டருகே நீட்டப்பட்டதும் அதுவே. ஆணி அறைந்தவர்களின் தண்ணீர்ப் புட்டி! அது இரக்கமா, ஏளனமா என்று நற்செய்தியாளர்கள் ஒரே குரலில் சொல்லவில்லை. ஒருவேளை நீட்டிய கைக்கே அது தெரிந்திருக்காது. ஆனால் ஈட்டியும் பானமும் ஒரே காவல் கூட்டத்தின் கைகளில் இருந்தன என்பதை நான் பெரிய வெள்ளிதோறும் எண்ணிப் பார்க்கிறேன்.

1751இல் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் கிளைவின் சிறு படை 50 நாள் முற்றுகையில் அகப்பட்டிருந்தபோது, உணவு குறைந்ததும் நம் நாட்டுச் சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பிய வீரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கஞ்சித் தண்ணீர் தங்களுக்குப் போதும் என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஆங்கில நூலாசிரியர்கள் இதைச் சிப்பாயின் விசுவாசத்துக்குச் சான்றாகப் போற்றினர். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. கஞ்சியால் உயிர் வாழப் பழகியவர்கள் அவர்கள். ஊரில் பஞ்சம் கற்றுக்கொடுத்ததைப் பாசறையில் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதக்கத்திலும் இல்லை.

திண்ணைச் சுவரில் புட்டியைத் தொங்கவிட்ட அந்தப் பெரியவர், தம் போர்க்காலத்தைப் பற்றி என்னிடம் விரும்பிச் சொன்ன நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். 1971 டிசம்பரில் கைதிகளாக வந்த பகைநாட்டு வீரர்களில் ஒருவன் அவரருகே வந்து உட்கார்ந்தான். மொழி தெரியாது. அவன் புட்டியையே பார்த்தான். இவர் கழற்றிக் கொடுத்தார். "பாதிக்கு மேல குடிச்சிட்டான் சாமி. மிச்சத்த நான் குடிச்சேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும்." இவ்வளவே கதை. இதை அவர் எனக்குச் சொல்லியிருந்தாரேயன்றித் தம் பேரனுக்குச் சொன்னதில்லை. திருமயத்திலிருந்து திரும்பும் பேருந்தில் நான் சொல்லத்தான் அந்தப் பிள்ளை முதன்முதலாகக் கேட்டான்.

நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது, "அப்ப நான் பட்டாளத்துக்குப் போறது தப்புங்கிறீங்களா சாமி?" என்றான். "அப்படிச் சொல்லவில்லை, தம்பி. நாட்டைக் காப்பதும் பணிதான். ஆனால் உன் தட்டில் விழும் சோற்றை யார் சுமந்து வந்தார் என்று கேட்டுக்கொண்டே உண், உன் புட்டியில் எப்போதும் அடுத்தவனுக்கும் ஒரு மிடறு வை" என்றேன். தலையசைத்தான். அது போதுமான விடையா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. ஆணை ஒன்று அவனை நண்பனுக்கு எதிரே நிறுத்தும் நாள் வந்தால் என் சொல் அவனுக்கு எவ்வளவு உதவும்? அதற்காகச் செபிக்கிறேன்.

நம் மாவட்டத்தில் கோட்டைகளைக் காணச் செல்லும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் பீரங்கியைக் காட்டுங்கள்; திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் சென்று பழம்பொருள்களைக் காட்டுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், சுனையையும் களஞ்சியம் இருந்த இடத்தையும் மாடு ஏறிய பாதையையும் காட்டுங்கள். கிள்ளுக்கோட்டை வழியே செல்லும்போது, பொதிமாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருளில் நடந்த ஒருவனை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அவன் நம் பாட்டனாகவும் இருக்கலாம்.

திண்ணைச் சுவரில் இப்போது அந்த ஆணி மட்டுமே இருக்கிறது. விடியற்காலை ஓட்டத்துக்குப் பேரன் புட்டியை எடுத்துப் போகிறான். உடன் ஓடும் பிள்ளைகளும் அதிலேயே குடிக்கிறார்கள் என்று அவன் பாட்டி சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் என்னிடம் சொன்னார். வீடு திரும்பும்போது அதில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சுவதில்லையாம்.